ஓசனிச்சிட்டு இல்லாத பூக்கள்

என் கணினியில் பூக்களின் படங்கள் மட்டுமே உள்ள கோப்புறை ஒன்று இருக்கிறது. பூக்களைப் படமெடுக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அந்த 400 சொச்சம் படங்களில் ஒவ்வொன்றும் பதிவாவதற்குக் கால் நொடி முன்பு வரை, அந்தப் பூவின் முன்னால் ஓர் ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட், அந்தரத்தில் நின்று தேன் குடித்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கண்ணால் கண்டேன், விரலை அழுத்தினேன், கேமராவும் தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. படத்தில் பூ இருக்கிறது, காம்பு இருக்கிறது, பின்னால் பச்சையாகக் கரைந்த காடு இருக்கிறது. சிலவற்றின் ஓரத்தில் மட்டும் வாலின் நுனியோ, சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றோ தென்படும்.

கண்டதை மூளை உணர்ந்து, விரலுக்கு ஆணை போய், விரல் அசைவதற்குள் மனிதருக்கு ஏறக்குறையக் கால் நொடி கழிந்துவிடுகிறது. நொடிக்கு 40 முறை சிறகடிக்கும் ஒரு சிட்டு அதற்குள் பத்து முறை சிறகடித்து முடித்திருக்கும்; பூவிலிருந்து பின்வாங்கி, பக்கவாட்டில் திரும்பி, சட்டகத்தை விட்டே போயிருக்கும். ஆகவே, கண்டபின் அழுத்துகிறவருக்குப் பூதான் கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்கு எனக்குப் புரிவதற்கு இரண்டு முழு நாட்களும் இரண்டு மெமரி கார்டுகளும் தேவைப்பட்டன.

மேலே போவதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தேன்சிட்டின் படத்தைப் போட்டு ஹம்மிங்பேர்ட் என்று எழுதுவதை அடிக்கடி காண்கிறேன். இரண்டும் சிறியவை, இரண்டும் தேன் குடிப்பவை, இரண்டிலும் ஆணின் கழுத்து மினுக்கும். ஒற்றுமை அத்தோடு சரி. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையையோ காம்பையோ பற்றிக்கொண்டு அமர்ந்தே குடிக்கும். ஓசனிச்சிட்டுகளோ உழவாரன் குருவிகளுக்கு நெருங்கிய உறவு; அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே டியேரா டெல் ஃபுவேகோ வரை சுமார் 360 இனங்கள் பரவியிருக்கின்றன. கியூபாவில் வாழும் மிகச் சிறிய இனம் சுமார் 2 கிராம் எடைதான் இருக்கும்; ஆண்டீஸ் மலையில் வாழும் மிகப் பெரிய இனம் 20 கிராமை ஒட்டி வரும். பறப்பதற்கு முற்பட்டுச் சிறகடிப்பதை ஓசனித்தல் என்பது பழைய வழக்கு. எப்போதும் பறக்க முற்பட்ட நிலையிலேயே நிற்கும் பறவைக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் மொழியறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

நான் போனது ஈக்வடாருக்கு. அந்தச் சிறிய நாட்டில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட ஓசனிச்சிட்டு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. தலைநகர் கித்தோவிலிருந்து மேற்கே மலைச்சரிவில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் டாண்டயாபா பள்ளத்தாக்கும், அதற்கும் கீழே மிண்டோ என்னும் சிற்றூரும் வந்துவிடும். பசிபிக் கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று சரிவில் முட்டி மேகமாகத் தங்குவதால், நண்பகலிலேயே மரங்களுக்கிடையில் பனிமூட்டம் நுழைந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும் காடு அது. கிளைகளில் பாசியும் அவற்றின் மேல் ஆர்க்கிட்களும் புரோமிலியட்களும் தொங்கும். அந்தக் காட்டில் ஓசனிச்சிட்டுகளைத் தேடிப் போகவே வேண்டாம். காதுக்கு அருகில் ஒரு பெரிய வண்டு கடந்து போவதைப் போன்ற ரீங்காரம் எழும், திரும்புவதற்குள் அடங்கிவிடும். அங்கே முதலில் காதில் விழுவதும் அதுதான், பெரும்பாலும் கடைசி வரை கிடைப்பதும் அதுதான்.

முதல் இரண்டு நாட்களும் நான் அந்த ஒலியைத் துரத்தினேன். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் கேட்டால் இடப்பக்கமும் வலப்பக்கம் கேட்டால் வலப்பக்கமும் திரும்பினேன். அவ்வளவு நீண்ட லென்ஸின் வழியே பார்ப்பது வைக்கோல் குழாய் வழியே வானத்தைப் பார்ப்பதைப் போன்றது. பறவை இருக்கும் இடத்தைக் கண் கண்டாலும் லென்ஸ் கண்டுபிடிப்பதில்லை. ஆட்டோஃபோகஸோ பறவையை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பாசி படிந்த மரத்தைத் துல்லியமாகப் பிடித்துத் தரும். அந்த மரத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

மூன்றாம் நாள் காலையில் என்னுடன் வந்த வழிகாட்டி, அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், ஒரு மணி நேரம் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "எதற்காக அதன் பின்னாலேயே ஓடுகிறீர்கள்?"

"நிற்க மாட்டேன் என்கிறதே, ஐயா."

"நிற்கிறதே. அதோ, அந்தக் காய்ந்த குச்சியைப் பாருங்கள். நாம் வந்ததிலிருந்து ஆறு முறை அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

ஓசனிச்சிட்டை அவர் கிந்தே என்றுதான் சொல்வார். ஸ்பானிய மொழியில் கொலிப்ரி என்ற சொல் இருந்தாலும் அந்த மலையில் கிந்தே என்னும் கிச்சுவா மொழிச் சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. அவர் காட்டிய குச்சி பென்சிலைவிட மெலிந்தது, இலையற்றது, சுற்றிலும் ஓர் ஆள் உயரத்துக்குப் பூத்திருந்த செடிகளை மேலிருந்து பார்க்கும் வகையில் நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடங்களில் சிட்டு வந்து அதில் அமர்ந்தது.

வேகமே உருவான பறவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஓசனிச்சிட்டு, பகலின் பெரும்பகுதியை உட்கார்ந்தேதான் கழிக்கிறது. அந்தரத்தில் நின்று பறப்பதற்கு ஆகும் ஆற்றல் அப்படி. எடைக்கு எடை ஒப்பிட்டால் முதுகெலும்புள்ள உயிர்களில் இதைவிடக் கடுமையாக உழைக்கும் உடல் வேறில்லை. எனவே சில நொடிகள் குடிக்கிறது, பல நிமிடங்கள் அமர்ந்து செரிக்கிறது, வயிறு காலியானதும் மறுபடி எழுகிறது. தன் எல்லைக்குள் இருக்கும் பூக்களை வேறொரு சிட்டு தொடாமல் காவல் காக்கும் இனங்களுக்கு, எல்லாவற்றையும் பார்க்க வசதியான ஓரிரு அமர்விடங்கள் கட்டாயம் இருக்கும். எழுந்து போய்ச் சண்டையிட்டாலும் திரும்பி வருவது அதே குச்சிக்குத்தான். எல்லா இனங்களும் இப்படியல்ல. ஹெர்மிட் எனப்படும் வளைந்த அலகுள்ள வகைகள் எல்லை எதையும் வைத்துக்கொள்ளாமல், தபால்காரர் வீடு வீடாகப் போவதைப் போல ஒரு நெடிய வழியில் வரிசையாகப் பூக்களைப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் முதல் பூவுக்கு வரும். அவற்றுக்குக் குச்சியைப் பார்த்துப் பயனில்லை; பூவையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டபின் என் வேலை தலைகீழாக மாறியது. பறவையைத் தேடுவதை நிறுத்தினேன். முக்காலியில் கேமராவை வைத்து, குச்சிக்கும் அதற்கு அருகில் உள்ள பூங்கொத்துக்கும் இடையே ஓர் இடத்தைத் தேர்ந்து, ஃபோகஸை முன்கூட்டியே அங்கே நிறுத்தி, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பூவை நோக்கிக் கிளம்புவதற்கு முன் சிட்டு உடலைச் சற்று நிமிர்த்தும், தலையை இருபுறமும் திருப்பும். அந்த நிமிர்வைப் பார்த்து அழுத்தினால், பூவின் முன் அது நிற்கும்போது கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அன்று மாலைக்குள் பறவை உள்ள படங்கள் வரத் தொடங்கின.

பறவை வந்தது, சிறகு வரவில்லை.

ஒளிப்படம் எடுப்பவர்கள் இந்தப் பறவையைப் பற்றிப் பேசும்போது ஷட்டர் வேகத்தில்தான், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தில்தான், தொடங்குவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 5 சென்டிமீட்டர் நீளச் சிறகு, ஒவ்வொரு வீச்சிலும் 140 பாகை அளவுக்குச் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், நுனி ஒரு வீச்சில் 12 சென்டிமீட்டர் கடக்கிறது. முன்வீச்சும் பின்வீச்சுமாக நொடிக்கு 80 வீச்சுகள். சராசரியாக நொடிக்கு 10 மீட்டர். வீச்சின் நடுவில் அதைவிடக் கூடுதல். 1/1000 நொடியில் படமெடுத்தால் நுனி 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், சிறகு வெறும் புகையாகத் தெரியும். 1/4000 நொடியில்கூட இரண்டரை மில்லிமீட்டர் நகர்வு இருக்கிறது. அதற்கு வேண்டிய வெளிச்சம் மேகக்காட்டில் எங்கே இருக்கிறது? மூட்டம் சூழ்ந்த நேரத்தில் லென்ஸின் துளையை எஃப் 5.6 அளவுக்குத் திறந்து, சென்சாரின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200-க்கு உயர்த்தியும் 1/1000 நொடிக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை.

விடை ஃபிளாஷ் என்று எல்லோரும் சொல்லியிருந்ததால் கொண்டுபோயிருந்தேன். இருட்டாக இருக்கிறதே என்று நான்காம் நாள் அதை முழு ஆற்றலில் வைத்து எடுத்தேன். உடல் கூர்மையாகவும் சிறகு மங்கலாகவும் வந்தது. ஆற்றலைக் கூட்ட வழியில்லாததால் இன்னும் அருகில் போனேன், பலனில்லை. பாதி நாள் இப்படிப் போனபின்தான், எப்போதோ படித்து மறந்த ஒன்று நினைவுக்கு வந்தது. கையடக்க ஃபிளாஷ், ஆற்றலைக் குறைப்பதற்காகத் தன் வெளிச்சத்தை மங்கலாக்குவதில்லை. எரியும் நேரத்தைத்தான் குறைக்கிறது. முழு ஆற்றலில் அது ஏறக்குறைய 1/1000 நொடி எரிகிறது. 1/16 ஆற்றலில் 1/10,000 நொடி அளவுக்கும், 1/32 ஆற்றலில் அதற்கும் கீழேயும் போய்விடுகிறது. அதாவது சிறகை நிறுத்த வேண்டுமானால் ஃபிளாஷைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். குறைத்தால் வெளிச்சம் போதாது. ஆகவே ஒன்றுக்கு நான்காக ஃபிளாஷ்களைப் பறவைக்கு ஒரு முழம், இரண்டு முழம் தூரத்தில் நிறுத்த வேண்டும். ஷட்டர் வேகம் இங்கே 1/200 நொடிதான். சூழலின் வெளிச்சம் படத்தில் பதியாத அளவுக்குத் துளையைச் சுருக்கிவிட்டால், இருட்டறையில் மின்னல் அடித்ததைப் போல, ஃபிளாஷ் எரிந்த அந்தக் கணம் மட்டுமே படமாகிறது. சூழல் வெளிச்சம் கொஞ்சம் மீதம் இருந்தால் கூர்மையான சிறகுக்குப் பின்னால் ஆவி போல இன்னொரு சிறகும் நிற்கும்.

இது புதிய வித்தை அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹரால்ட் எட்ஜர்ட்டன் தான் உருவாக்கிய மின்னொளிக் கருவியைக் கொண்டு 1930-களிலேயே ஓசனிச்சிட்டின் சிறகை நிறுத்திக் காட்டினார். பின்னர் 1950-களில், டூபாண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த வேதிப் பொறியாளர் க்ராஃபோர்ட் க்ரீனவால்ட், அந்தப் பெரும் நிறுவனத்தை நடத்தியபடியே, அதிவேக ஃபிளாஷ் கருவிகளைச் சுமந்துகொண்டு தென் அமெரிக்கா வரை அலைந்து பல இனங்களைப் படமாக்கி, 1960-இல் நூலாக வெளியிட்டார். அன்று அவர் தூக்கிச் சென்றிருக்கக்கூடிய சுமையை நினைத்தால் என் முதுகுப் பையைப் பற்றி முணுமுணுக்க வாய் வருவதில்லை.

நான்கு ஃபிளாஷ் அமைப்பு ஒன்று அந்தப் பகுதியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தது. இரண்டு நாட்கள் அதில் எடுத்தேன். சர்க்கரை நீர்க் குப்பியை மறைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு பூவை நிறுத்துவார்கள். பின்னால் பச்சை நிறத்தில் மங்கலாக அச்சிட்ட தட்டி இருக்கும். பழகிய சிட்டு குப்பியைத் தேடி வந்து பூவில் அலகை நுழைக்கும். முதல் படத்தைத் திரையில் பார்த்தபோது மூச்சு நின்றது உண்மை. சிறகின் ஒவ்வோர் இறகும் தனித்தனியே, இறகின் நடுக்காம்பு வரை தெரிந்தது. இருபதாவது படத்தில் வியப்பு குறைந்தது. நூறாவது படத்துக்குப் பிறகு எல்லாமே ஒன்றாகத் தோன்றின: ஊசியில் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சி போல, அசைவின் சுவடே இல்லாத பறவை. அந்த ரீங்காரம் அந்தப் படங்களில் இல்லை.

இந்த முறையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சிறகு அப்படித்தான் இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. என் மனக்குறை வேறு. பூவை மாற்றி வைக்கிறவர்கள் எந்தப் பூ என்று யோசிப்பதில்லை. 3,000 மீட்டர் உயரத்தில் குளிர்க்காட்டில் வாழும் சிட்டின் முன்னால், தாழ்நிலத்து வெப்பக்காட்டு ஹெலிகோனியாப் பூ சிவப்பாக நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அலகின் நீளமும் வளைவும் பூக்குழலின் நீளமும் வளைவும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை; எந்தச் சிட்டு எந்தப் பூவுக்குப் போகிறது என்பதுதான் இந்தப் பறவையின் கதையில் பாதி. அழகாக இருக்கிறதே என்று அதை மாற்றி வைப்பது, படத்தின் கீழே தவறான பெயரை எழுதுவதற்குச் சமம். காட்டுப் பூவுக்குள் ஊசிக்குழலால் சர்க்கரை நீரைச் செலுத்திப் பறவையை வரவழைக்கும் வழக்கமும் உண்டு. அதையும் நான் செய்வதில்லை.

ஆகவே ஃபிளாஷைப் பையில் வைத்துவிட்டு மறுபடியும் குச்சிக்கும் பூவுக்கும் திரும்பினேன். இம்முறை சிறகை முழுக்க நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. இயல்பான வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒரு சலுகை இருக்கிறது: ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் சிறகு திசை மாறுவதற்காக ஒரு கணம் நிற்கிறது. ஊஞ்சல் உச்சியில் நிற்பதைப் போல. நொடிக்கு இருபது படங்கள் எடுத்தால் அவற்றில் ஒன்றிரண்டு அந்தக் கணத்தில் விழும். 1/1600 நொடியிலேயே சிறகு ஓரளவு தெளிந்துவிடும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த காலை வேளைகளில் அது வாய்த்தது. மற்ற படங்களில் உடலும் கண்ணும் கூர்மையாக, சிறகு மட்டும் விசிறி போலக் கலங்கியிருக்கும். நான் அச்சிட்டுச் சுவரில் மாட்டியவை இவைதான்.

இந்த இடத்தில் ஒரு கேமரா விவகாரத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போடக் கூடாது என்று நான் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தியதில், சில படங்களில் சிறகு ரப்பர் போல வளைந்து, ஒடிந்ததைப் போலத் தெரிந்தது. அடிபட்ட பறவையோ என்று பயந்தேன். கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சார்களில் முழுப் படத்தையும் படித்து முடிப்பதற்குள் சிறகு ஒரு முழு வீச்சை முடித்திருக்கும். எனவே மேல்வரியில் பதிந்த சிறகு ஒன்று, கீழ்வரியில் பதிந்த சிறகு இன்னொன்று. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறியதும் பறவை குணமடைந்தது.

சிறகுக்கு அடுத்தபடியாக என்னை அலைக்கழித்தது கழுத்து. வழிகாட்டிப் பெரியவர் ஒரு சிட்டைக் காட்டி, ஊதா நிறம் என்பார். நான் கறுப்பு என்பேன். இருவர் சொன்னதும் சரிதான். அந்த நிறம் சாயத்தால் ஆனதன்று. இறகின் மிக நுண்ணிய கிளைகளுக்குள், காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெலனின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் பல தளங்களிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் ஒரு நிறத்தை மட்டும் தீவிரமாக அனுப்புகிறது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதும் இதே வழியில்தான். கழுத்து இறகுகளில் இந்தப் பரப்பு தட்டைக் கண்ணாடியாக அமைந்திருப்பதால் ஒரே திசையில்தான் ஒளியைத் திருப்பும். அந்தத் திசையில் நீங்கள் இருந்தால் தீப்பிடித்ததைப் போல இருக்கும், அரை முழம் விலகினால் கரி. முதுகின் பச்சை இறகுகளில் பரப்பு வளைந்திருப்பதால் எங்கிருந்து பார்த்தாலும் பச்சை தெரிகிறது.

எனவே கழுத்தின் நிறம் வேண்டுமானால் வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து வர வேண்டும், பறவை நம்மை நோக்கித் திரும்ப வேண்டும். பறவை எப்போது திரும்பும் என்பது நம் கையில் இல்லை. எங்கே நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது. குச்சியைச் சுற்றி அரை வட்டத்தில் நகர்ந்து நகர்ந்து, சிட்டு எல்லையைக் கண்காணிக்கும்போது அதிகமாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் முக்காலியை நிறுத்தக் கற்றுக்கொண்டேன். மூட்டம் இறங்கும் நேரம் இதற்கு மிக நல்லது. வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் திரையாகிவிடுவதால் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளி கழுத்தில் பட்டு மிதமாக ஒளிரும். வெயிலில் வருவதைப் போலக் கண்ணைக் கூசி விவரத்தை எரித்துவிடாது. வெளிச்சம் குறைவு என்று முதல் நாட்களில் நான் திட்டிய அதே மூட்டம்தான்.

பழகப் பழக இனங்களின் குணம் தெரிய வந்தது. பஃப்-டெயில்ட் கொரோனெட் என்னும் பருத்த சிட்டு முரடு. ஆனால் படமெடுப்பவருக்குத் தோழன். அமர்ந்தவுடன் சிறகுகளை மடக்காமல், ஒரு நொடி இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கும். சிறகின் அடிப்பக்கத்தின் இலவங்கப்பட்டை நிறம் அப்போதுதான் தெரியும். அது இறங்குவதைப் பார்த்து அழுத்தினால் போதும், விரித்த சிறகு அசையாமல் கிடைக்கும். வுட்ஸ்டார் எனப்படும் மிகச் சிறியவை தேனீயைப் போல மெதுவாக, அலைந்து அலைந்து பறக்கின்றன. பெரிய சிட்டுகள் அவற்றைப் பூச்சி என்று எண்ணி விட்டுவிடுவதால் பிறர் எல்லைக்குள் புகுந்து குடித்துவிடுகின்றன என்று கருதுகிறார்கள். நானும் ஒரு முறை வண்டு என்று நினைத்துக் கையால் விலக்கப் போனேன்.

எல்லோரும் தேடி வருவது ராக்கெட்-டெயில் (பந்தாட்ட மட்டை போன்ற வால்) சிட்டைத்தான். ஆணின் வாலில் இரண்டு இறகுகள் மட்டும் மெல்லிய கம்பியாக நீண்டு, நுனியில் நீலக்கறுப்பு வட்டத் தகடுகளாக முடியும். கால்களில் பஞ்சுருண்டை போன்ற வெள்ளைத் தூவி. எடை சுமார் 3 கிராம். ஓர் ஏ4 தாளைப் பாதியாகக் கிழித்தால் ஒரு துண்டு இரண்டரை கிராம் இருக்கும். ஏறக்குறைய அந்த எடைதான் என் முன்னால் பறந்து, சண்டையிட்டு, என் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வந்து முகத்தை ஆராய்ந்துவிட்டுப் போனது. இதன் படத்தில் உள்ள சிக்கல் வால். உடல் ஓரிடத்தில் நிற்கும்போதும் வாலின் இரு தகடுகளும் தனித்தனியே ஆடிக்கொண்டிருக்கும். 3 மீட்டர் தூரத்தில், 400 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 5.6 துளையில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணும் வால் தகடும் ஒன்றாகத் தெளிய வேண்டுமானால் பறவை துல்லியமான பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒன்பது நாட்களில் அப்படி நின்ற படங்கள் என்னிடம் மூன்று.

இந்தக் கூர்மை ஆழத்தின் கொடுமையை முழுமையாக உணர்ந்தது யானகோச்சாவில். கித்தோவை ஒட்டிய பிச்சிஞ்சா எரிமலையின் சரிவில், 3,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் காப்பகம் அது. ஹோகோடோகோ அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. அங்கே சோர்ட்-பில்ட் என்னும் வாள்-அலகுச் சிட்டு வருகிறது. வாலை நீக்கிவிட்டு அளந்தால் தன் உடலைவிட நீளமான அலகு கொண்ட ஒரே பறவை இதுதான். நீண்டு தொங்கும் பேஷன் மலர்க் குழல்களின் அடி வரை எட்டுவதற்கான அலகு. அமரும்போது அதை முன்னால் நீட்டிப் பிடித்தால் பாரம் தாங்காது போலும், வானை நோக்கிச் சாய்த்தே வைத்திருக்கும். இறகைக் கோத அலகு உதவாததால் காலால் சொறிந்துகொள்ளும்.

காலை ஆறரை மணிக்கு அங்கே நின்றபோது விரல்கள் விறைத்து, பேட்டரி பாதியில் மயங்கியது. அந்தக் குளிரில் இவ்வளவு சிறிய உடல் இரவைக் கடப்பது எப்படி என்பதற்கு விடை இருக்கிறது: இரவில் உடல் இயக்கத்தைக் கிட்டத்தட்ட அணைத்துவிட்டு உறைநிலை போன்ற உறக்கத்துக்குப் போகின்றன. பெருவின் ஆண்டீஸ் பகுதியில் ஓர் இனத்தின் உடல் வெப்பநிலை 3.3 பாகை செல்சியஸ் வரை இறங்கியதை ஆய்வாளர்கள் அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். விடிந்ததும் உடலைச் சூடேற்றிக்கொண்டு உடனே குடித்தாக வேண்டும். படமெடுப்பவர் விடியலில் அங்கே இருக்க வேண்டியதற்கும், அந்த நேரத்தில் பூவுக்கும் பறவைக்கும் நடுவில் போய் நிற்கக் கூடாததற்கும் காரணம் ஒன்றே.

வாள்-அலகுச் சிட்டு வந்தது. முதலில் மூட்டத்திலிருந்து ஒரு கோடு வெளிப்பட்டது, அதற்குப் பின்னால் பறவை வந்தது. கண்ணில் ஃபோகஸ் பிடித்தேன். அலகின் முனை மங்கலானது. அலகில் பிடித்தால் கண் போய்விடும், கண் இல்லாத பறவைப் படம் யாருக்கு வேண்டும்? 4 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி, துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, ஆழத்தை ஏறக்குறைய 5 சென்டிமீட்டராக ஆக்கினேன். அலகு மட்டும் 10 சென்டிமீட்டர். இனி அது பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நின்றது, குடித்தது, போனது. படத்தில் கண், அலகு, முனையில் ஒட்டியிருந்த மகரந்தத்தூள் மூன்றும் தெளிவு. சிறகு மட்டும் புகை. இந்த ஒரு படத்துக்காகவே இரண்டு மணி நேரம் நடுங்கியிருக்கலாம் என்று தோன்றியது. நடுங்கியதும் இரண்டு மணி நேரந்தான்.

குப்பிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு நீர். சாயம் வேண்டாம், தேன் கூடவே கூடாது, ஏனென்றால் அதில் பூஞ்சை எளிதில் பற்றும். சில நாட்களுக்கு ஒருமுறை கழுவ முடியாதவர் குப்பியைத் தொங்கவிடாமல் இருப்பதே நல்லது. கூடுகளின் பக்கம் போக வேண்டாம். சிலந்தி நூலால் பின்னி, பாசி ஒட்டி, பாதி வால்நட் ஓடு அளவே இருக்கும் அந்தக் கூட்டை மறைத்திருக்கும் இலையைப் படத்துக்காக விலக்கினால், பிறகு வரும் வேட்டைப் பறவைக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும்.

கடைசி நாள் டாண்டயாபாவில் மழை. ராக்கெட்-டெயில் ஆண் ஒன்று தன் குச்சிக்கு வருவதும் போவதுமாக இருந்தது. பறக்கும் படம் எடுக்க வெளிச்சமில்லை. 1/320 நொடிதான் கிடைத்தது. சும்மா இருக்க மனமின்றிக் குச்சியிலேயே ஃபோகஸை வைத்திருந்தேன். ஓசனிச்சிட்டின் நாக்கைப் பற்றி அதுவரை படித்துத்தான் தெரியும். நுனியில் இரண்டாகப் பிளந்தது; ஒரு நொடியில் பத்துக்கும் மேற்பட்ட முறை பூவுக்குள் போய் வருவது; மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதைப் போலத் தேன் ஏறுகிறது என்று ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் நம்பப்பட்டு, 2011-இல் அதிவேகக் காணொளிகள் மூலம், நாக்கின் நுனிகள் தேனுக்குள் விரிந்து, வெளியேறும்போது மூடித் தேனைச் சிறைப்பிடிக்கின்றன என்று தெளிவானது. இதையெல்லாம் பூவுக்குள் யார் பார்ப்பது?

சிட்டு குடித்துவிட்டு வந்து அமர்ந்தது. தலையை உதறியது, நீர்த்துளிகள் தெறித்தன. பிறகு அலகை மூடியபடியே நாக்கை வெளியே நீட்டியது. கண்ணாடி இழை போன்ற ஒன்று, அலகைத் தாண்டி இன்னொரு பாதி அலகு நீளத்துக்கு, நுனியில் இரண்டாகப் பிரிந்து, மழை வெளிச்சத்தில் வெள்ளையாக நின்றது, உள்ளே போனது. பதினோரு படங்கள் ஓடியிருந்தன. மூன்றாவதிலும் நான்காவதிலும் நாக்கு இருக்கிறது.

பெரியவர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்.

"இது பலமுறை பார்த்ததுதான்," என்றார். "ஆனால் நுனி பிரிந்திருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். நகருங்கள், இன்னொரு முறை வரட்டும், நானும் கொஞ்சம் பார்க்கிறேன்."

நான் முக்காலியை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தேன். குச்சி காலியாக, மழையில் நனைந்துகொண்டிருந்தது.